மூன்று கிழமைச் சிப்பாயின் மழைச்சட்டை

சுவிஸ் குடியுரிமை எடுத்த ஆண்பிள்ளை வருடத்தில் மூன்று கிழமை சீருடை போட வேண்டும். கண்ணாடிக்காரனுக்குத் துவக்கைவிடப் பேனைதான் பொருத்தம் என்று என்னைக் களஞ்சியப் பொறுப்பில் விட்டார்கள். ஒரு கரண்டி தொலைந்தாலும் இரண்டு படிவம் நிரப்ப வைப்பேன். சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

மிச்ச நாட்களில் படைச் சாமான்கள் அவரவர் வீட்டில் இருக்கும். எங்கள் பேர்ண் வீட்டு அலுமாரியில் என் மழைச்சட்டை தொங்கியது. பச்சையும் மண்ணிறமுமாய்த் திட்டுத்திட்டான ராணுவச் சட்டை. ஊரில் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா ஊருக்குப் பெட்டி கட்டினால் காற்றுப் போகவும் இடம் விடமாட்டார். சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் அந்தச் சட்டையையும் திணித்து, கடல் தொழில் செய்யும் தன் தம்பிக்கு அனுப்பிவிட்டார்.

"நீ வருசத்தில மூண்டு கிழமைதானே போடுறாய். அவன் நாளும் நனையிறான்," என்றார்.

மாமா அதைப் போட்டுக்கொண்டு வள்ளத்தால் இறங்கிய முதல் காலையே, கரையில் இருந்த ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாமி போனில் அழுதார்.

"எந்த ஆமியின்ர சட்டை எண்டு கேக்கிறாங்களாம் தம்பி. இவர் சுவிஸ் எண்டு சொல்ல, சொக்லேட் செய்யிற நாட்டுக்கு ஆமி எதுக்கெண்டு சிரிக்கிறாங்களாம்."

முகாமுக்குள் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த ஊர் அல்ல அது. என் சேவைப் புத்தகத்தில் 'மழைச்சட்டை, ஒன்று' என்றிருந்த வரியையும், அதன் கீழிருந்த முத்திரையையும், சீருடையில் நான் முறைத்துக்கொண்டு நிற்கும் படத்தையும் போனில் மாமிக்கு அனுப்பினேன். மாமி அதைக் கொண்டு முகாமுக்கு ஓடினார். ஜெர்மன் அவர்களுக்கு விளங்கியிராது. முத்திரை விளங்கியது. மத்தியானம் மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சட்டையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த பயிற்சியில் என் படிவத்தை நானே நிரப்பினேன். 'தொலைந்த இடம்' என்ற கட்டத்தில் 'கடற்கரை' என்று எழுதினேன். இந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. ஒருவரும் ஒன்றும் கேட்காமல் புதுச் சட்டை தந்தார்கள்.

அந்தச் சந்தோசத்தில் மாமாவுக்குப் போன் எடுத்து, கடையில் மஞ்சள் மழைச்சட்டை ஒன்று வாங்கி அனுப்பட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம் மருமோன். ஆமிக்காரன்ர மாமா எண்டு முகாம்காரர் இப்ப றோட்டில கண்டால் எனக்குச் சலூட் அடிக்கிறாங்கள்," என்றார். "அதைப் பாத்த நாள் தொடக்கம், நானும் ஆமியின்ர ஆள் எண்டு பயந்து, என்ர வள்ளத்தில தொழிலுக்கு ஏற ஒருத்தனும் வாறானில்லை."