நடுவானில் காத்திருந்தவள்

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு எதிர்ச் சுவரை ஒட்டி என் விமானம் இருந்தது. ஒரு பழைய கணினி, ஒரு பெரிய திரை, மேஜையின் இடது விளிம்பில் திருகி வைத்த ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு பெடல்கள். இதில் தொல்லை கொடுத்தது பெடல்தான். டைல்ஸ் தரையில் மிதித்தால் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். அப்பா அரிசி மூட்டையைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக் கொடுத்தார். மாதத் தொடக்கத்தில் மூட்டை கனமாக இருக்கும்போது என் விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் போகும். மாதக் கடைசியில் மூட்டை இளைத்துவிடும். விமானம் புல்லுக்குள் இறங்கும்.

"அரிசி தீந்துச்சான்னு இனிமே மூட்டைய தொட்டுப் பாக்க வேண்டியதில்ல," என்றாள் அம்மா. "இவ எங்க போயி முட்றான்னு பாத்தா போதும்."

நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விமானம் ஓட்டுவதுதான் என் ஆசை என்று வீட்டில் ஒருநாள் சொன்னேன். எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்து, என்ன கேள்வி வரும், அதற்கு என்ன பதில் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மருத்துவத் தகுதி, கடன், வேலைவாய்ப்பு, பாதுகாப்பு, கல்யாணம் என்று எல்லாம் அதில் இருந்தது. அம்மா அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"ஓட்டுவன்னு நீ சொல்ற. ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னாங்களா?"

இல்லை என்றேன். அப்படியானால் நிஜமான விமானத்தில் உட்கார்ந்து, ஓட்டத் தெரிந்த ஒருவர் வாயால் "இவள் சரிப்படுவாள்" என்று கேட்டுவிட்டு வா, அதற்குப் பிறகு வேலையை விடலாம் என்றாள். நியாயமான நிபந்தனை. ஒரு புதிய சப்ளையரை எடுப்பதற்கு முன் நாங்களும் சாம்பிள் கேட்போம்.

ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரித்தேன். சேர்வதற்கு முன் சில முறை பயிற்றுநரோடு பறந்து பார்க்கலாம் என்றார்கள். அதற்கான காகித வேலைகள் முடிவதற்குள் வீட்டிலேயே தயாராகிவிடலாம் என்றுதான் அந்தச் சிமுலேட்டர்.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். ஷிப்ட் முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்துகொள்வார். மென்பொருளில் எங்கள் ஊர் சரியாக இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கவேண்டிய இடத்தில் காடு இருந்தது. ஜவளகிரிக் காடு இருக்கவேண்டிய இடத்தில், பனி பெய்யும் நாட்டில் இருப்பதுபோல் சரிந்த கூரை வீடுகள். நெடுஞ்சாலை மட்டும் சரியாக இருந்தது. அப்பாவுக்கு அது போதும்.

"ஹைவே மேலயே போ பாப்பா. சூளகிரி தாண்டிட்டல்ல, அடுத்து குந்தாரப்பள்ளி. ஸ்லோ பண்ணு, இன்னிக்கி சந்தை. மாடு குறுக்க வரும்."

"அப்பா, நான் ஐயாயிரம் அடியில இருக்கறன்."

"இருந்தா என்னா. பழக்கம்னு ஒண்ணு வேணுமில்ல."

தரையிறங்கும்போதெல்லாம் அவர் வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கை மிதிக்கும். நர்சிங் கடைசி வருடம் படிக்கும் தங்கை துடைப்பத்தோடு வந்து நிற்பாள். "பைலட்டம்மா, ரெண்டு காலையும் தூக்கு. ஓடுபாதைய பெருக்கணும்."

கால் தூக்குவேன். அதற்கு முன் விசைப்பலகையில் 'பி' பொத்தானை அமுக்குவேன். விமானம் அப்படியே நின்றுவிடும். குக்கர் சத்தம் போட்டால் பி. போன் அடித்தால் பி. ஞாயிறு பூசை முடிந்து யாராவது வீட்டுக்கு வந்தால், காப்பி போட்டுக் கொடுத்து, அவர்கள் கிளம்பும்வரை விமானம் கெலவரப்பள்ளி அணைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். பறக்கும்போது ஏதாவது தப்பானாலும் பிதான். நிறுத்தி, மானிகளை ஒவ்வொன்றாகப் படித்து, கையேட்டைப் புரட்டி, காரணத்தைக் கண்டுபிடித்து, பிறகு தொடர்வேன். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. இயந்திரத்தில் வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் ஆபரேட்டர் முதலில் அதை நிறுத்த வேண்டும். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தானாகச் சரிசெய்யப் போகிறவர்கள்தான் விரலை இழப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த வகுப்பை எடுப்பது நான். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, உடைந்த இந்தியில் ஒருமுறை, எல்லோரையும் உரக்கச் சொல்லவைப்பேன். என் வகுப்புக்கு நல்ல பெயர்.

பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கிடைத்த பயிற்றுநர் என்னைவிட வயதில் சின்னவர். மதுரைக்காரப் பெண். முதல் நாள் நான் சோதனைப் பட்டியலைப் பார்க்காமலே ஒப்பித்ததும், ரேடியோவில் தடுமாறாமல் பேசியதும் அவருக்குப் பிடித்திருந்தது. மேலே ஏறியதும் அவர் ஒரு செய்தித்தாளை மடித்து மானிகளின்மேல் செருகினார்.

"வெளியவும் கொஞ்சம் பாருங்க. வானம்னு ஒண்ணு இருக்கு."

சிமுலேட்டரில் பழகியவர்கள் எல்லோரும் முள்ளையே பார்ப்பார்களாம். மற்றபடி வீட்டுக்கும் இதற்கும் நான் கவனித்த வேறுபாடுகள்: சத்தம் காதில் அல்ல, பல்லில் கேட்கிறது. உட்காரும் இடம் நகர்கிறது. வியர்க்கிறது. எண்ணெய் வாசனை வருகிறது. வயிற்றுக்கு என்று தனியாக ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. இதையெல்லாம் சமாளித்துவிடுவேன் என்று அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

மூன்றாவது முறை பறந்தபோது வெயில் ஏறியிருந்தது. இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து வெப்பக் காற்று வலது இறக்கையைத் தூக்கியது. விமானம் நான் கேட்டதைவிட அதிகமாகச் சாய்ந்தது, மூக்கு கீழே போனது.

நான் ஸ்டியரிங்கை விட்டேன். பெடலிலிருந்து கால்களை எடுத்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே தெளிவான குரலில், "மேடம், அப்நார்மல்," என்றேன். பிறகு காத்திருந்தேன்.

விமானம் சாய்ந்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது. மேடம் அவசரமில்லாமல் தன் பக்கத்து ஸ்டியரிங்கைப் பிடித்து அதை நேராக்கினார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"காத்திருந்தேன் மேடம்."

"யாருக்கு?"

லைன் சூப்பர்வைசருக்கு என்று சொல்ல முடியுமா.

கீழே இறங்கி டீ குடிக்கும்போது விதியை அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. "நல்ல ரூல்தாங்க. மெஷின் நின்னா நிக்கும். இது நின்னா விழுந்துரும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பயந்து கைய விடறவங்கள நான் சரிபண்ணிருவேன். நீங்க பயப்படல. எல்லாம் ஒழுங்கா செஞ்சுட்டோம்ங்கிற முகத்தோட விட்டீங்க. எனக்கு அதுதான் உதறுது."

விமானம் பராமரிப்புக்காக ஒரு வாரம் கொட்டகைக்குப் போகிறது, திரும்பி வந்ததும் ஒருமுறை பறக்கலாம் என்றார். அப்போதும் கையை விட்டால், சேர வேண்டாம் என்றுதான் சொல்லுவேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றார். "வீட்ல சிமுலேட்டர் இருக்குல்ல? இந்தப் பழக்கத்த எங்க ஏத்தினீங்களோ அங்கயே எறக்கி வச்சுட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சூளகிரி ஹைவேல ஐம்பது பேர வெச்சிக்கிட்டு நான் ஸ்டியரிங்க விட்டுட்டு, கைய கட்டிக்கிட்டு உக்காந்தா எப்பிடி பாப்பா இருக்கும்?"

"பேப்பர்ல வரும்," என்றாள் தங்கை.

அவள்தான் வேலையை ஆரம்பித்தாள். ஹேர்பின்னால் நெம்பி 'பி' பொத்தானைக் கழற்றி, அம்மாவின் கடுகு டப்பாவுக்குள் போட்டாள். மென்பொருளிலும் அந்தக் கட்டளையை நீக்கினாள். பிறகு தன் கைபேசியிலிருந்தே விமானத்தில் கோளாறு உண்டாக்க வழி கண்டுபிடித்தாள். ஊசி போட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதுகூட அந்த முகத்தில் அத்தனை ஆர்வம் இருந்திருக்காது. கட்டிலில் படுத்துக்கொண்டே என் இன்ஜினை அணைப்பாள். பக்கவாட்டுக் காற்றை ஏவுவாள். இறங்கப் போகும் நேரத்தில் மூடுபனி போடுவாள்.

வீட்டுக்குப் புதிய விதி போட்டேன்: எதற்காகவும் விமானம் நிற்காது, வேலை இருப்பவர்கள் நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பேசலாம். இதை வாயால் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டாள். நீலச் சுடிதார் எங்கே என்று கேட்டாள். ஒருநாள் ராகிக்களி ஆறிக்கொண்டிருந்தது. நான் இறங்குவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மா தட்டோடு வந்து பக்கத்தில் நின்று உருண்டையைக் குழம்பில் தோய்த்து என் வாயில் வைத்தாள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும்போது அதைச் செய்வது சுலபமில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இங்கா திகலேதா?" என்றார். இன்னும் இறங்கவில்லையா என்று தெலுங்கில் விசாரணை. மறுநாளும் வந்து அதையே விசாரித்தார்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் ஏதாவது கெட்டுப்போனதும் என் வலது கை விசைப்பலகைக்குப் போய், பல் விழுந்த இடம்போல் இருந்த குழியைத் தடவும். பிறகு அது குறைந்தது. குறைந்ததா, அல்லது அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும் குறைந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு நாற்காலி சாயாது.

அந்த வாரத்திலேயே தொழிற்சாலையில் புதிய ஆட்களுக்கு வகுப்பு இருந்தது. நிறுத்து, கூப்பிடு, காத்திரு என்று உரக்கச் சொல்லவைத்தேன். ஜூஜுவாடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், நிறுத்த முடியாத மெஷினா இருந்தா?"

"நம்ம லைன்ல அப்படி ஒண்ணும் கிடையாது," என்றேன். முகம் மாறாமல் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கடைசியாகப் பறக்கும் நாள். மேடம் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். என் ஊரைப் பற்றி, ரோஜாத் தோட்டங்களைப் பற்றி, பெங்களூர் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பற்றி. எனக்குப் புரிந்துவிட்டது. தங்கையும் இப்படித்தான், இன்ஜினை அணைப்பதற்கு முன் அன்பாகப் பேசுவாள். ஆனால் புரிந்துகொள்வது வேறு, தயாராக இருப்பது வேறு. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வேகக் கைப்பிடியை முழுவதும் பின்னால் இழுத்தார். இன்ஜின் இரைச்சல் அடங்கிப் போய்க் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

என் வலது கை துள்ளியது. பி பொத்தான் இருக்கவேண்டிய இடத்துக்குத்தான் போனது. அங்கே மேடத்தின் முழங்கால் இருந்தது. நன்றாகவே தட்டிவிட்டேன்.

இடது கை ஸ்டியரிங்கை விடவில்லை. அது என்னைக் கேட்காமலே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியது. வேகம் குறையாமல் விமானம் சறுக்கி இறங்கத் தொடங்கியது. "ஸாரி மேடம்," என்று முழங்காலுக்குச் சொல்லிவிட்டு, வலது கையைக் கைப்பிடிக்குத் திருப்பினேன். வேகம் சரி. எரிபொருள் இருக்கிறது. இறங்க இடம் வேண்டும். கீழே ஒரு பச்சை வயல் சமமாக, அகலமாக இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது வயல் இல்லங்க. ஏரி. ஆகாயத்தாமரை மூடிருக்கு."

"சரி மேடம்," என்று சொல்லி, ஓட்டிக்கொண்டே வேறு இடம் தேடினேன். ஏரிக்கு அப்பால் ஒரு மேய்ச்சல் நிலம் இருந்தது. அதை நோக்கித் திருப்பினேன். கொஞ்சம் தாமதமாகத்தான் திருப்பினேன், கொஞ்சம் கோணலாகவும். விமானம் ஆடியது. ஆடும்போது பிடித்துக்கொண்டிருந்தேன். மேடம் சிறிது நேரம் பார்த்துவிட்டு இன்ஜினுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

தரையிறங்கி, இன்ஜினை நிறுத்தி, பட்டியலைக் கடைசி வரிவரை முடித்தேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏரியில எறக்கப் பாத்தீங்க. திருப்பம் சகிக்கல. என்னைய வேற அடிச்சீங்க. ஆனா கைய விடல. வந்து சேருங்க, மத்தது நான் சொல்லித்தரேன்."

அம்மாவுக்குப் போன் செய்தேன். மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நீ சொல்றது இருக்கட்டும். அவங்க கிட்ட குடு."

கொடுத்தேன். மேடம் காதில் வைத்துக்கொண்டு, "வணக்கம்மா," என்றார். பிறகு அவர் பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமாம்மா, நான்தான் ஓட்டுறேன்... நாலு வருஷமாச்சும்மா... இருபத்தஞ்சு... இல்லம்மா, இன்னும் ஆகல... தைரியம்லாம் இருக்கும்மா, கொஞ்சம் கை நீளம், அவ்வளவுதான்... ஆமாம்மா. சரிப்பட்டு வருவாங்க. நான் சொல்றேன்ல."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. விமானத்துக்குள் அவருக்கு வியர்த்து நான் பார்த்ததில்லை.

"உங்கம்மா என்னைய இன்டர்வியூ பண்ணிட்டாங்க," என்றார்.

போனில் அம்மா இன்னும் இருந்தாள். "பொண்ணு சின்னப் பொண்ணா இருக்குது. ஆனா கேட்டதுக்கு முழுங்காம பதில் சொல்லுது," என்றாள். "சரி. திங்கட்கிழமை போயி ராஜினாமா எழுதிக் குடுத்துரு."