ஐஸ் பெட்டியில் வைத்த கழுகு

ஒரு கழுகின் சதையி ஒரு மனிதனின் வேலையைக் காப்பாற்றுமா? ஜொய்சி கேட்டபோது, அவள் தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் முடித்துச் சும்மா திரிந்த நான், சதையி என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டேன். வயிற்றுக்குள் இருக்கும் கணையம் என்றாள்.

ஜொய்சி எஹலியகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மிருக வைத்திய ஆய்வகமொன்றில், செத்த பறவைகளின் உறுப்புகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது அவள் வேலை.

அவள் தம்பி ரெஜினோல்ட் தோட்டத்தில் தேயிலைக்குச் சிங்க், அதாவது துத்தநாகக் கரைசல் அடிப்பவன். அவனுடைய கோழிகளைத் தூக்கிப்போன கழுகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் கோழிக்கூட்டருகே செத்துக் கிடந்தது. கோழிக்குடலில் சிங்க் கலந்து விஷம் வைத்தான் என்று யாரோ தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சொல்லிவிட்டார்கள். இல்லையென்று காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

"என்னடா ரெஜி, கழுகுக்கு மட்டும் விருந்தா? எங்களுக்கு ஒரு எலும்புகூட இல்லியே!" என்று கூட மருந்தடிக்கிறவர்கள் சிரித்தார்கள்.

அவன் அக்காவுக்குப் போன் எடுத்தான்.

"ஞாயித்துக்கெழம வர்றேன். அதுவரைக்கும் பழுதாகாம வச்சிரு தம்பி. சிங்க் தின்னிருந்தா சதையியில தெரிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை ரெஜினோல்ட் அவளை டவுனில் ஹபீலா என்பவரின் மீன்கடைக்குக் கூட்டிப்போனான். மீனை உறைய வைக்கும் ஐஸ் பெட்டியில் மீனுக்கு அடியிலிருந்து பொட்டலத்தை உருவி எடுத்தான்.

"கல்லு மாதிரி இருக்கு பாருங்கக்கா! கொஞ்சம்கூட நாறல."

ஜொய்சி பொட்டலத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். உறைய விடாதே என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

நல்ல சதையியில் கலங்கள் திராட்சைக் குலைபோல் சேர்ந்திருக்கும். உள்ளே சிவந்த மணிகள், குலைகளுக்கிடையே வெளிறிய சிறு தீவுகள். சிங்க் தின்ற பறவைக்கு மணிகள் அழிந்து கலங்களில் ஓட்டை விழும். உறைந்த சதையியிலும் ஓட்டைதான். ஐஸ் கிழித்த ஓட்டை. இந்தக் கழுகின் சதையியை ஜொய்சி ஆய்வகத்தில் சீவிச் சாயமேற்றினாள்; எங்கு பார்த்தாலும் ஓட்டை.

ஆய்வகத்து வைத்தியர் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுத்தார். "கியன்ன பே, ஜொய்சி." சொல்ல முடியாதாம். சிங்க்கை அளக்கும் கருவி அங்கே இல்லை. வேறிடத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை பொறுக்காமல் தொரை அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"நீங்க சொன்னபடிதானேக்கா வச்சேன்?" என்றான் ரெஜினோல்ட். அவன் குரலில் கோபம்கூட இல்லை. இப்போது வரக்காப்பொல டவுனில் மூட்டை தூக்குகிறான். திருநாளுக்குக்கூடத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருவதில்லை. ஜொய்சி போன் எடுத்தால் எடுப்பான், சாப்பிட்டேன் என்பான், வைத்துவிடுவான்.

செத்த பறவையைக் கண்டால் உறைய வைக்காதீர்கள், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தக் கதையை உங்கள் தோட்டத்திலும் சொல்லுங்கள். அவன் விஷம் வைத்தானா என்று யாராவது கேட்டால், வைக்கவில்லை என்று காட்ட வழியில்லாமல் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.