அரை மூச்சோடு யாழ்ப்பாணம் போனேன்

திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்தவள் நான். வேடிக்கையில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பலாலி ரஸ்தாவில் இரண்டு மைல் போனால் அங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. என் மகள் எஸ்தர் வாழ்க்கைப்பட்டது அந்த ஊரில்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அந்தச் சமயத்தில் தாய் மூச்சுக்குத் திண்டாடிப் படுக்கையில் கிடந்ததால், பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. மூன்று வாரம் கழித்து, எழுந்து நடமாட முடிந்த உடனே நான் பெட்டி கட்டினேன். பேத்தியை ஒரு தரம் மடியில் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை.

போகுமுன் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் என் இடது மார்பில் புற்று வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்து, சென்னையில் கதிர் பாய்ச்சினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். போன தலைப்பாகையின் அருமை எனக்குத்தான் தெரியும். கதிர் பட்ட பக்கத்து நுரையீரல் சுருங்கிவிட்டது. வறட்டு இருமல் விடுவதில்லை. இடது கை வீங்கியது வீங்கியபடியே இருக்கிறது. ரவிக்கைக்கு ஒரு கை அகலமாகவும் மறு கை அளவாகவும் தைக்கச் சொன்னால் தையற்காரர் இன்னும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிறார். "வீடு பற்றி எரிந்தபோது தண்ணீரை வாரி ஊற்றினோம் அம்மா. தீ அணைந்தது, சுவர் ஊறிப்போனது" என்றார் டாக்டர். ஊறின சுவருக்குள் குடியிருக்கப் பழகிக்கொண்டேன்.

மருமகனுக்கு இதெல்லாம் தெரியும். அவருடைய தாயாருக்கு மட்டும் தெரியாது. புற்று ரத்தத்தில் வருவது என்று ஊரில் பேச்சு. தன்னைக் குறையாகப் பார்ப்பார்களோ என்று பயந்து, சொல்ல வேண்டாம் என்று எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தனுஷ்கோடி வரை என் கணவர் வந்து கப்பலேற்றிவிட்டார். அங்கிருந்து தலைமன்னார் இருபத்திரண்டு மைல் கடல். பிறகு ரயில், மதவாச்சியில் மாற வேண்டும். படுத்தால் எனக்கு மூச்சு முட்டும். வீட்டிலும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். ஆகையால் அன்றிரவு பெண்கள் பெட்டியில் நிம்மதியாகத் தூங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விடியும்போது ஆனையிறவு. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே வண்டி. அதைக் கடந்தால் பனை, மறுபடியும் பனை. நம் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போவது போலவே இருந்தது. ஒரு மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. ஏற்றத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கும் என்னைப் போன்றவர்களுக்கென்றே கர்த்தர் தட்டி நிரவிவைத்த பூமி.

காலை ஏழரைக்கு யாழ்ப்பாணம். மருமகன் நிலையத்துக்கு வந்திருந்தார். "மெல்ல இறங்குங்கோ மாமி, அவசரமில்லை" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். வாடகை மோட்டார் ஒரு ரூபாய். வழியில் ஏற்றம் ஏதும் உண்டா என்று சாரதியைக் கேட்டேன்.

"இஞ்சை மலையெண்டு ஒண்டுமில்லை அம்மா. கோயில் கோபுரந்தான் மலை" என்றார் அவர்.

ஏற்றம் இல்லைதான், ஆனால் காற்று இருந்தது. ஆடி மாதம். அவர்கள் சோளகம் என்கிற காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்தது. அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில் என் மூச்சு எம்மாத்திரம்? தென்னங்கீற்று முடைந்த கிடுகு வேலிகளுக்கு நடுவே, ஒழுங்கை என்கிற சந்து வழியாக வீட்டு வாசலில் இறங்கும்போது இருமி இருமிக் கண்ணில் நீர் முட்டி நின்றேன். மருமகன் அச்சுவேலிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அங்கிருந்து எட்டு மைல். என்னை இறக்கிவிட்டு அதே மோட்டாரில் போய்விட்டார்.

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்தார். உயரமான, அதிகம் சிரிக்காத விதவை. நம் வழக்கப்படி நான் அவரை மதினி என்றேன். அவர் தம் வழக்கப்படி என்னை மச்சாள் என்றார். என் இருமல் ஓயும் வரை காத்திருந்து கேட்டார்.

"மச்சாள், உங்களுக்கு என்ன வருத்தம்?"

பேத்தி பிறந்திருக்கும் வீட்டில் இது என்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. "எனக்கென்ன வருத்தம் மதினி? ஒரு வருத்தமும் இல்லை. சந்தோஷமாத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. உள்ளே அழைத்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தேத்தண்ணி தந்தார். அறைக்குள் எஸ்தர் குழந்தையோடு படுத்திருந்தாள். பிள்ளைபெற்றவள் இன்னும் அறையை விட்டு வெளியே வரக்கூடாதாம். நான் எழுந்தேன். "பிள்ளை நித்திரை. பிறகு பாக்கலாம், இருங்கோ" என்று கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மறுபடி எழுந்தேன். "இப்பதான் பால் குடிக்குது" என்றார். பத்து மணிக்குப் பிள்ளைபெற்றவளுக்கான சரக்குக் கறிக்கு மிளகும் மல்லியும் வறுத்தார்கள். அந்தப் புகைக்கு நான் இருமிய இருமலில் கோழிகள் சிதறின. நான் குடித்த கண்ணாடித் தம்ளரை மட்டும் சம்பந்தியம்மா கொதிநீரில் போட்டெடுத்து, மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியே கவிழ்த்தார். அதைப் பார்த்துவிட்டேன்.

சயரோகம் என்று நினைத்துவிட்டார்கள். நம் ஊர் பஸ்ஸிலும் நான் இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறிடம் போவதுண்டு. அப்போதெல்லாம் காலை நீட்ட இடம் கிடைத்தது என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். அன்று சிரிப்பு வரவில்லை. அறுத்தபோது அழாதவள், பேத்திக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு சாத்தியிருக்கக் கண்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் கிணற்றடி நிழலில் சம்பந்தியம்மா தனியாக இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதினி, எனக்குச் சயரோகம் இல்லை."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அப்ப ஏன் ஒளிக்கிறியள்? காலமை நான் கேட்டனான், என்ன வருத்தம் எண்டு. ஒரு வருத்தமும் இல்லை எண்டு சொன்னனீங்கள். எனக்குக் காது கேக்காதே? என்ரை தங்கச்சி உந்த இருமலிலைதான் செத்தவள். சும்மா தடிமன் எண்டுதான் அவளும் சொன்னவள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வருத்தம்னா இங்கே நோயா?"

"பின்னை வேறை என்ன?"

"எங்க ஊர்லே வருத்தம்னா துக்கம், மதினி. மனசுக்கு என்ன துக்கம்னு கேக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தருக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். புற்று, கத்தி, கதிர், சுருங்கின நுரையீரல் ஒன்றையும் விடவில்லை. சேலையை விலக்கி வீங்கிய கையைக் காட்டினேன். அவர் விரலால் மெல்ல அழுத்தினார். பள்ளம் விழுந்து நின்றது.

"நோகுதே?"

"பாரமா இருக்கும். நோவு இல்லை."

"உது எஸ்தருக்கும் வருமோ?"

எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடியிருந்தோமோ, அதே கேள்வி. "தெரியாது மதினி. டாக்டர்மாருக்கும் தெரியலை. ஒட்டாதுன்னு மட்டும் நிச்சயமாச் சொல்றாங்க" என்றேன்.

அவர் என் சேலையை இழுத்து வீங்கிய கையை மூடிவிட்டார். பிறகு எழுந்தார். "வந்தால் அப்ப பாப்பம். வந்தாலும் இருக்கலாம் எண்டு நீங்கள் இருந்து காட்டியிருக்கிறியள்தானே. எழும்புங்கோ, பிள்ளை முழிச்சிருக்கும்."

கதவை அவரே திறந்தார். என்னைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, வலது பக்கம் இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் குழந்தையை வைத்தார். என் மூக்கும் என் மகளின் நெற்றியுமாக ஒரு சின்ன முகம். எஸ்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்து, அழுதாள். அவர்கள் பாஷைப்படி எனக்கு வருத்தம் நிறைய இருக்கிறது. நம் பாஷைப்படி அன்று சாயந்திரம் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் இருந்தேன். குளிப்பாட்ட எனக்குக் குனிய முடியாது, தூக்கி நடக்கக் கையில் பலம் கிடையாது. தாலாட்டு மட்டும் என் பங்கு. அதிலும் பாதி அடியில் மூச்சு அறுந்துவிடும். சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்தபடியே தம்முடைய ராகத்தில் மீதி அடியை முடிப்பார். ஒருநாள் காற்று தணிந்திருந்தபோது மாட்டு வண்டி பிடித்து நாலு மைலில் உள்ள அரியாலைக்கு, கடலேரி பார்க்கக் கூட்டிப்போனார். கரையில் வலை உலர்த்தியிருந்தார்கள். நான் மூச்சுக்காக நிற்கும்போதெல்லாம் அவரும் நின்று, சேலை மடிப்பைச் சரி செய்தார், அல்லது மீன்காரரிடம் வாங்கப்போகாத மீனுக்கு விலை கேட்டார். களைக்கிறதா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. அன்று அவர் மடிப்பைச் சரி செய்தது போல் கலியாணப் பெண்கூடச் செய்திருக்க மாட்டாள்.

புறப்படும் நாள் குழந்தையோடு எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். மருமகன் பெட்டியை ஏற்றினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையின் காலைக் கடைசியாக ஒருமுறை பிடித்துப் பார்த்தேன்.

"இந்தத் தடவை வந்ததே பெரிசு மதினி. இன்னொரு தடவை கடல் தாண்டுவேனோ என்னமோ" என்றேன்.

"நீங்கள் ஏன் தாண்டவேணும்?" என்றார் அவர். "பிள்ளை நடக்கத் துவங்கட்டும், நாங்கள் கொண்டு வாறம். கடல் தாண்டுறது எங்கடை வேலை, மச்சாள். மூச்சைப் பிடிச்சு வைச்சிருக்கிறது உங்கடை வேலை."

இங்கே பாளையங்கோட்டையில் கோயிலுக்குப் போகிற வழியில் ஓர் ஏற்றம் இருக்கிறது. முன்பெல்லாம் அதைக் கண்டால் பாதியில் திரும்பிவிடுவேன். இப்போது மூன்று இடத்தில் நின்று, சேலை மடிப்பைச் சரி செய்து, ஏறிவிடுகிறேன். குழந்தை தவழத் தொடங்கிவிட்டதாம்.