புளி போட்டுத் தேய்த்த காசு

“ஆடிப்பெருக்குக்கு மறுநாள். செம்புக்காசு ஒன்று. அரபு எழுத்து, கலீபாக்கள் காலமாக இருக்கலாம்.” என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுத்து தெளியட்டும் என்று அதன் பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்ததை நான் எழுதவில்லை.

சேரன்மகாதேவி ஆற்றில் மணல் அரித்துக் காசு எடுக்கும் இசக்கி கொடுத்தது அது. “மியூசியத்துல எம் பேரைப் போடுவாவளா அண்ணாச்சி?” என்று கேட்டிருந்தார்.

இருவரும் நாணய ஆய்வாளரிடம் போனோம். அவர் காசைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “களிம்புதான் வயசுக்குச் சாட்சி. என்ன வே, புதுசா வார்த்ததைத் தேய்ச்சுக் கொண்டாந்தீராக்கும்?”

“ஆத்துல எடுத்தது சார், சத்தியமா.” இசக்கி என்னைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பேருந்தில் அவர் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் வரவே இல்லை. ஆய்வாளரிடம் உண்மையை இன்னும் நான் சொல்லவில்லை. அந்தக் காசு எந்தக் காலத்தது என்பதும் இன்றுவரை உறுதியாகவில்லை.