ஜானி பாஷாவின் மூக்கு

டிசம்பர் வந்துவிட்டால் குர்ஷித் பேகத்துக்கு ஒரே ஒரு வேலையைக் கண்டுதான் பயம். சர்க்கரை கருக்குவது.

மற்றதெல்லாம் கை பழகிய காரியம். பே கோபுரத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவளுடைய பேக்கரி. வருஷத்தில் பதினோரு மாதம் பன், ரஸ்க், வர்க்கி. கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழியும்போது பன் வெந்து இறங்குவதற்கும் தட்டு காலியாவதற்கும் நடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தக் கூட்டம் வடிந்த கையோடு பிளம் கேக். திராட்சை, பேரீச்சை, செர்ரி, இஞ்சி முரப்பா எல்லாம் அக்டோபரிலேயே நறுக்கி ஜாடியில் போட்டாகிவிடும். ரம் கிடையாது. கறுப்புத் திராட்சைச் சாற்றிலும் ஆரஞ்சுச் சாற்றிலும்தான் பழம் ஊறும். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் முதல் தடவை வரும்போது ரம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். குர்ஷித்தின் கணவர் ஜானி பாஷா கடைப் பலகையில் இருக்கும் தன் பெயரைக் காட்டிச் சிரிப்பார். அடுத்த வருஷம் அவர்களே வந்து இரண்டு கிலோவுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கேக்கின் கறுப்பு பழத்தால் வருவதல்ல. கருக்கிய சர்க்கரையால் வருவது. தண்ணீர் விடாமல் இரும்புச் சட்டியில் சர்க்கரையைக் கொட்டிக் கிளறினால், இளகி, தேன் நிறமாகி, பழம்புளி நிறமாகி, நுரைத்துக்கொண்டு புகையும். புகை கண்ணைக் கடிக்கத் தொடங்கும் அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றி நிறுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் கேக் வெளுத்துப்போய் வெறும் இனிப்பாக இருக்கும். கொஞ்சம் பிந்தினால் கசந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற வேலையல்ல. சட்டியின் சூடும் சர்க்கரையின் ஈரமும் தினம் ஒரு மாதிரி.

முப்பத்தோரு வருஷமாகச் சட்டியைப் பிடித்தது குர்ஷித். எதிரே மேசையில் முட்டை உடைத்துக்கொண்டிருக்கும் ஜானி பாஷா, "போதும்" என்பார். அவள் கொதிநீரை ஊற்றுவாள். வீட்டில் அவர்களுக்குள் உருதுதான். அடுப்படியில் மட்டும் வேலையாட்களுக்கும் புரிய வேண்டும் என்று தமிழ். அதனால் அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து தமிழில்தான் வரும். கை பீவியோடது, மூக்கு பாயோடது என்று தெருவே சொல்லும். அவருக்கும் அதில் பெருமை உண்டு. தெருமுனையில் நின்றபடியே எந்தக் கடையில் நேற்றைய எண்ணெய் காய்கிறது என்று சொல்லுவார்; போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

போன வருஷம் பிப்ரவரியில் அவர் இறந்துபோனார்.

அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸுக்குக் குர்ஷித் தனியாகச் சட்டியை ஏற்றினாள். சர்க்கரை அப்போதுதான் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. மேசைப் பக்கமிருந்து, "போதும்" என்று கேட்டது. அவர் குரல்தான். தொண்டையில் லேசாகச் சளி கட்டிய, அவசரமில்லாத அந்தக் குரல். நிறம் போதாது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் கை போய்க் கொதிநீரை எடுத்து ஊற்றிவிட்டது.

கேக் மஞ்சளாக வந்தது. ஓவனைப் பார்த்துக்கொள்ளும் முருகவேல், இருபது வருஷமாக அங்கேயே வேலை செய்கிறவன், ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா இது, பிளம் கேக்கா, ரவா கேசரியா?"

அடுத்த சட்டியிலும் அதே இடத்தில் அதே குரல். அதற்கடுத்ததிலும். அந்த வருஷம் முழுக்க வெளுத்த கேக்தான் போயிற்று. வாங்கினவர்கள் துக்க வீட்டில் குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் வாங்கிப்போனார்கள். குரல் கேட்டதைக் குர்ஷித் யாரிடமும் சொல்லவில்லை. அதை மீறி ஒரு நிமிஷம் நிற்கவும் அவளால் முடியவில்லை.

மீற முடியாததற்குக் காரணம் இருந்தது. ஒன்றரை வருஷம் டயாலிசிஸ் செய்துகொண்ட பிறகு ஜானி பாஷாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், தொண்டையில் குழாய் போட்டுப் பார்க்கலாம், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "போதும்" என்றார். குர்ஷித் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் உயிர் போய்விட்டது. மூன்றாம் நாள் ஃபாத்தியா ஓத வந்த அவர் தம்பி தௌஹீத், செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம், பாபி," என்றார். குர்ஷித்திடம் ஒரே பதில்தான் இருந்தது: அவரே சொன்னார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முப்பத்தோரு வருஷம் தப்பாமல் சொன்ன மனிதர், தன் உயிர் விஷயத்தில் மட்டும் தப்பாகச் சொல்லியிருப்பாரா? அந்தப் பதிலின் மேல்தான் அவள் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், அன்புச்செல்வி கடைக்கு வந்தாள். ஜானி பாஷா இருந்த ஆஸ்பத்திரி வார்டின் நர்ஸ். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இங்கேதான் கேக் வாங்குவாள்; போன வருஷம் மட்டும் வரவில்லை. கையெழுத்துப் போட்டபோது பேனா கொடுத்தவள் அவள்தான். அதனால் தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் அவள் வரவில்லை என்று குர்ஷித் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் வேறாக இருந்தது. போளூருக்கு மாற்றிவிட்டார்களாம். பண்டிகை அன்றும் டியூட்டியாம். வேறு எங்கோ வாங்கிய கேக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். ஹெல்மெட்டைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு அவள் பாயைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வார்டில் அவர் ஒருவர்தான் சாப்பாட்டில் தொல்லை கொடுக்காதவர் என்றாள். மற்றவர்கள் எல்லாம் ஃபினாயில் நாத்தத்தில் உப்புமா இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளுவார்களாம்.

"உங்களுக்கு மட்டும் எப்படி பாய் இறங்குதுன்னு கேட்டேன். எனக்குத்தான் மூக்கே இல்லையே சிஸ்டர்னாரு. கொரோனா வந்தப்போ போனது, மூணு வருஷமா திரும்பி வரலைன்னாரு. பேக்கரிக்காரன்மா நான், வெளிய சொல்லிடாதன்னு சிரிச்சாரு."

குர்ஷித்தின் முகத்தைப் பார்த்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்கா."

தெரியும் என்பதுபோல் குர்ஷித் தலையை ஆட்டினாள். இரண்டு கிலோ, இருபத்துமூன்றாம் தேதி என்று சீட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு தடவை பிரியாணி அடிபிடித்துக் கூடமெல்லாம் நெடி ஏறியிருந்தபோது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரிந்த பாலில் டீ போட்டதை முழுசாகக் குடித்தார். தெருமுனை வித்தை எப்போது நின்றது என்று யோசித்தாள். நின்றதை அவள் கவனிக்கவே இல்லை. அந்த மூன்று வருஷமும் கேக் மட்டும் நல்ல கறுப்பில், சரியான பதத்தில் வந்தது. மூக்கில்லாத மனிதர் எதை வைத்துப் "போதும்" என்று சொன்னார்?

முருகவேலிடம் கேட்டாள். அவன் ஓவன் கதவைச் சாத்திவிட்டு, இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தான்.

"உங்க மூஞ்சைப் பார்த்துத்தான். பொகை கடிச்சதும் இடது கண்ணைச் சுருக்கிட்டு மோவாயை அந்தப் பக்கம் திருப்புவீங்க. பாய் உடனே போதும்பாரு. நானும் அதைப் பார்த்துத்தானே வெந்நிய நகர்த்துவேன்."

"எப்பலேருந்து?"

"நான் வந்ததுலேருந்து பார்க்கறேன். அப்ப மூக்கு உங்களுதுதான்கா. பாய் சும்மா மைக்கு."

அன்று மாலை குர்ஷித் சட்டியை ஏற்றினாள். தேன் நிறத்தில் குரல் வந்தது. முதல் தடவையாக அவள் அதற்கு அசையவில்லை. நிறம் இறங்கியது. புகை கடித்தது. இடது கண் தானாகச் சுருங்கியதை உணர்ந்தாள். ஊற்றினாள். மறுநாள் வெட்டிய கேக் கறுகறுவென்று இருந்தது. முருகவேல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு ஒன்றை வீட்டுக்கும் மடித்துக்கொண்டான்.

அவளும் ஒரு துண்டை வாயில் போட்டாள். கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் கடைசியில் அந்த மெல்லிய கசப்பும் நாக்கில் இருந்தபோதே அடுத்த நினைப்பு வந்து நின்றது: தனக்குத் தெரியாத பதத்தை அவர் என் முகத்திலிருந்து எடுத்துச் சொல்கிற ஆள். ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் உருதுவில்தான் பேசிக்கொண்டோம். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் ஏன் தமிழில் சொன்னார்?

அதன் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. மார்கழிப் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வந்து போனபோது வெளியூர்க்காரர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள்; யார் எதைக் கேட்டார்கள் என்று மறுநிமிஷம் நினைவில் இல்லை. அன்றைக்குத் தன் முகத்தில் என்ன இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். மானிட்டரின் பச்சைக் கோடு ஞாபகம் இருந்தது. ஸ்டூலின் ஒரு கால் ஆடியது ஞாபகம் இருந்தது. தன் முகம் மட்டும் கிடைக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார்.

இருபத்துமூன்றாம் தேதி அன்புச்செல்வி வந்தாள். குர்ஷித் கேக்கைப் பெட்டியில் வைத்தாள், மூடவில்லை.

"சிஸ்டர், அன்னிக்கு மாஸ்க்கை எடுத்துட்டுப் போதும்னு சொன்னாரே. யாரைப் பார்த்துச் சொன்னாரு?"

"உங்களைத்தான்கா. ரொம்ப நேரமா உங்களையேதான் பார்த்துட்டு இருந்தாரு. நீங்க மானிட்டரைப் பார்த்துட்டு இருந்தீங்க."

"அப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

நோயாளிகளின் வீட்டாரிடம் நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லிப் பழகியவள் அன்புச்செல்வி; அப்படி ஒன்று அவளுக்குச் சட்டென்று கிடைத்திருக்கும். குர்ஷித் அதைத் தடுப்பதுபோல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தூக்கமாத்தான் இருந்துச்சு," என்றாள் அன்புச்செல்வி. "மூணு நாளா கண்ணை மூடாத மூஞ்சி. எப்படா முடியும்னு இருக்கும் பாருங்க, அது. அங்க உக்கார்றவங்க எல்லாருக்கும் மூணாம் நாள் அப்படித்தான்கா ஆகும். நான் தினம் பார்க்கறேன்." பிறகு, "அவருக்கு வலியும் ஜாஸ்தி இருந்துச்சு. அதையும் சொல்லணும்ல," என்றாள்.

"சொல்லணும்தான்," என்றாள் குர்ஷித். பெட்டியை மூடி நூல் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

சர்ச்சுக்கு அனுப்ப வேண்டிய கேக் இன்னும் பாக்கி இருந்தது. சட்டியை ஏற்றினாள். முருகவேல் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வழக்கமான இடத்தில் வந்து நின்றான். எதிரே மேசையில் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு அவள் கிளறினாள். சர்க்கரை இளகியபோது முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். தேன் நிறம் வந்தது. குரல் வரவில்லை. புளி நிறம் வந்தது. புகை கண்ணைக் கடித்தது, நீர் வழிந்தது, அவள் இமையைச் சுருக்கவில்லை, மோவாயைத் திருப்பவில்லை. பார்க்கிறவருக்கு எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. வேண்டுமானால் அவரே சொல்லட்டும்.

முருகவேல் அவள் முகத்தைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"அக்கா," என்றான்.

"இரு."

நுரை கறுத்து எழுந்து அமுங்கியது. நெடி சந்து முழுக்கப் பரவி, எதிர்த்த தையல்கடையில் யாரோ இருமினார்கள். மேசைப் பக்கம் சத்தமே இல்லை. சட்டியில் கடைசிக் குமிழும் வெடித்துக் கரியாகும்வரை குர்ஷித் காத்திருந்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். சட்டியைக் குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சுரண்டித் தேய்த்துக் கழுவினாள். துடைத்துக் கொண்டுவந்து ஏற்றினாள். முருகவேலிடம் இன்னொரு கிலோ சர்க்கரை நிறுத்துக் கொடுக்கச் சொன்னாள். அவன் கொடுத்துவிட்டு வெந்நீரை எடுக்கப் போனான்.

"அங்க வெச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு, முருகா," என்றாள். "என்னைப் பார்க்காத. நானே ஊத்திக்கறேன்."