துண்டை இறக்கும் காட்சி

அந்தப் படத்துக்கு மாமாவை அழைத்துப் போனது என்னுடைய யோசனைதான். மாமா என்றால் என் கணவரின் அப்பா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறவர். இளவயதில் அதே நிலங்களில் கூலிக்கு இறங்கியவர். அந்தச் சனிக்கிழமை காலை தஞ்சாவூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

திங்கட்கிழமை என் மகளின் பள்ளியில் தாத்தா பாட்டி விழா. எல்.கே.ஜி. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தாத்தாவையோ பாட்டியையோ கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போய், நாற்காலியில் உட்கார வைத்துப் பூங்கொத்து கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான். மகள் அவளாகவே போன் போடச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டுவிட்டாள். என் மனத்தில் என் அப்பா இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுபவர். இதை நான் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மாமா வந்து இறங்கியபின் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. சனிக்கிழமை மதியத்தை எப்படியாவது கடத்த வேண்டும் என்றுதான் மேட்னிக்கு டிக்கெட் போட்டேன்.

குடும்பத்தோடு பார்க்கக்கூடிய நகைச்சுவைப் படம் என்று எல்லாரும் சொன்னார்கள். கிராமத்து அப்பா வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்த் தங்குகிறார், அவ்வளவுதான் கதை. அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு லிஃப்டில் ஏறியபோது தியேட்டரே சிரித்தது. மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"நானும் மொத தடவ அப்படித்தாம்மா பண்ணேன். மேல போயி வெறுங்காலோட நிக்கிறேன். செருப்பு கீழ கெடக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். இவருக்குப் படம் பிடித்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மகனின் அலுவலகத்துக்கு அப்பா போகிறார். மேலதிகாரி உள்ளே வந்ததும் விருட்டென்று எழுந்து, தோளில் கிடக்கும் துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். அதிகாரி உட்காரச் சொல்கிறார், இவர் மாட்டேன் என்கிறார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போடுகிறார், இவர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். நாற்காலி துரத்துகிறது, இவர் பின்வாங்குகிறார். எங்களுக்கு முன் வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் விசில் அடித்தார்கள். பின்னால் ஒரு அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்போது என் மகள் நாற்காலியில் ஏறி நின்றாள்.

"அம்மா, நம்ம தாத்தா! நம்ம தாத்தாவும் ஸ்கூல்ல இப்படித்தானே நின்னாங்க! நீ சொன்னியே!"

முன்னால் இருந்த மாணவன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "அப்ப நீங்கதான் ஹீரோவா தாத்தா!" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வரிசை முழுக்க மறுபடி சிரிப்பு. மாமாவும் சிரித்தார். வாய் மட்டும்.

அவள் சொன்னது உண்மை. சேர்க்கையின்போது மாமா பள்ளிக்கு வந்திருந்தார். தலைமையாசிரியை எவ்வளவு சொல்லியும் உட்காராமல், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். அதை நான் அலுவலகத்தில் தோழிகளுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். வீட்டில் போனில் தங்கைக்குச் சொல்லும்போது மகள் கேட்டிருக்க வேண்டும். படம் எடுத்தவருக்கு முன்பே அந்தக் காட்சியை எடுத்துவிட்டவள் நான்.

இடைவேளை முடிந்து விளக்கணையும்போது பார்த்தேன். மாமாவின் தோளில் துண்டு இல்லை. மடித்து மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார்.

கடைசியில் மகன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான். தியேட்டரும் அழுதது. புரையேறிய அம்மா மூக்கை உறிஞ்சியபடி, "சிரிக்க வச்சு அழவும் வச்சுட்டான்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார். நானும் அழுதிருந்தேன். சிரித்ததைவிட அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது. அழுததும் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்ததே.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது கணவர், "எப்படிப்பா படம்?" என்று கேட்டார்.

"நல்லா நடிச்சிருக்கான். துண்டத்தான் கசக்கி வச்சுக்கிட்டான். கக்கத்துல வைக்கிறவன் அப்படிக் கசக்க மாட்டான். நாலா மடிச்சு வப்பான்."

கணவர் சிரித்தார். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, திங்கக்கிழம ஒங்க அப்பாவ வரச் சொல்லேன். எனக்கு நாத்துப் பறிக்க ஆளு வருது. காலைல கெளம்புறேன்."

ஒரு நொடி எனக்குள் ஏதோ இறங்கி லேசாயிற்று. அது முகத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான், "என்ன மாமா இது, இருங்க, பாப்பா உங்களத்தானே கூப்பிட்டா" என்று சொன்னேன். நல்ல வார்த்தைதான். ஆனால் ஒரு நொடி பிந்தி வந்தது.

ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட நானே போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். கடைசியில், "மாமா, நான் ஆபீஸ்ல உங்களப் பத்திச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். தப்புதான்" என்று மட்டும் வந்தது.

"சிரிப்பு வர்ற மாதிரிதான் நின்னேன், விடு" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார். "வேணும்னு நிக்கலம்மா. அந்த மாதிரி எடத்துல யாராச்சும் உள்ள வந்தா காலு தானா எந்திரிக்குது. மேடையில பாப்பா உக்காரச் சொல்லி நான் உக்காராமப் போயிட்டா, அது அழும்ல?"

அப்படியானால் நில்லுங்கள் மாமா, நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏறிப் பையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். நான், "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க" என்றேன். பஸ் கிளம்பியது.

திங்கட்கிழமை என் அப்பா மேடையில் போய் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மகள் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு அரங்கின் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைதட்டினேன்.