முன்பு எழுதிய பெயர்

செவ்வாய்க்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஊழியர் சங்கத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘திருமதி வி. கலாவதி காலமானார். மாலை நான்கு மணிக்கு அண்ணாகிராமத்தில் அடக்கம்.’ எந்த வி. கலாவதியோ, பாவம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மாலை ஆறு மணிக்கு விலங்கியல் துறை வசந்தி போனில் பேசினார். “நீங்க வருவீங்கன்னு பாத்துகினே இருந்தோம் சார். நாலு மணிக்கே எடுத்துட்டாங்க.”

“யாரை?” என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பல்கலைக்கழக நூலகத்தில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் டி. கலாவதி. துணை நூலகர். டி என்பது அப்பா பெயரின் எழுத்து. சான்றிதழில் இருந்தபடியே அலுவலகத்திலும் நின்றுவிட்டது. வீட்டு ரேஷன் கார்டில் அவர் கணவரின் எழுத்தோடு வி. கலாவதி. வீட்டார் சங்கத்துக்குச் சொன்னது அந்தப் பெயரைத்தான். ஊர் எது என்று நான் கேட்டதே இல்லை. ஓர் எழுத்து மாறியதும் எனக்கு ஆளே தெரியவில்லை. அதுவும் எனக்கு! ஏன் இப்படித் தலையில் அடித்துக்கொள்கிறேன் என்பதை, கலாவதி மேடத்தோடு பழகிய சக ஊழியர்களான உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஆய்வு செய்யும் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும், அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அதில் தெரிய வேண்டும் என்று 2006இல் எங்கள் இருவரிடமும் வேலையை ஒப்படைத்தார்கள். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது நான். விவரம் சேர்ப்பது மேடம். இணையத்தில் படிவத்தைப் போட்டுவிட்டேன், நிரப்பட்டும் என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஒருத்தரும் நிரப்பவில்லை. “ஃபாரம் போட்டா யாரு சார் நிரப்புவாங்க? நேர்ல போய் உக்காந்தாதான் நடக்கும்” என்று மேடம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தினம் ஒரு துறை, அதுவும் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். “சாப்புட்டு முடிச்ச நேரம். அப்பதான் கோவம் கம்மியா இருக்கும்” என்பார்.

மூத்த பேராசிரியர் ஒருவர், தன்னிடம் படித்தவன் பெயர் தனக்கு மேலே வருவதா என்று குதித்தார். மேடம் சிரித்தபடியே சொன்னார்: “அகர வரிசை சார். கம்ப்யூட்டருக்கு சீனியாரிட்டி தெரியாது. நீங்க எழுதுனது மட்டும்தான் தெரியும்.” மனிதர் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்தார். பிறகு போட்டோவை மட்டும் மூன்று தடவை மாற்றச் சொன்னார்.

வசந்தி விஷயத்துக்கு வருகிறேன். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பெண். நண்டுக் குஞ்சுகளைப் பற்றி ஆய்வு செய்தவர். திருமணத்துக்கு முன் ஜி. வசந்தி, பின்னர் ஆர். வசந்தி. கட்டுரைகளில் இருந்த பெயரை வைத்து என் நிரல் அவரை இரண்டு ஆளாக்கிவிட்டது. ஜி. வசந்தி பக்கத்தில் போட்டோ இல்லை, போன் நம்பர் இல்லை, கேட்க ஆளும் இல்லை. வேலையை விட்டுப் போனவர் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, நகல்கூட வைக்காமல் அழித்துவிட்டேன்.

பதவி உயர்வு நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கும்போது வசந்தி ஓடிவந்தார். இந்தத் தடவை தேர்வுக் குழு அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கப்போகிறது. “ரெண்டு கட்டுரதான் சார் காட்டுது. மிச்சம் ஆறும் எங்க போச்சு? அதுக்காக எங்கப்பா போட்ல எத்தினி நாளு வாந்தி எடுத்துகினே போயிருப்பேன்!” சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் இருக்கிறேனே, வாய் சும்மா இருக்குமா? “பேர மாத்திகினா நான் என்னாம்மா பண்ண முடியும்?” என்றேன்.

மேடம் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன். “கண்ணாலம் பண்ணிகினது குத்தமா சார்? உங்க இனிஷியல யாராவது மாத்தச் சொன்னாங்களா? சொல்லியிருந்தா உங்க ப்ரோக்ராமுக்கு அது தெரிஞ்சிருக்கும்.”

அவர் சொன்னது உண்மை. அப்படி ஒன்று நடக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மூன்று நாளும் மேடம் பழைய இதழ்க் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறையில்தான் இருந்தார். தூசி ஆகாத உடம்பு அவருக்கு. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கட்டுரையாகத் தேடி எடுத்தார், நான் தட்டச்சு செய்தேன். நேர்காணல் அன்று காலையில் கரண்ட் போய்விட்டது! பக்கம் எங்கே திறக்கும்? மேடம் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்தக் கட்டுகளைப் புத்தகம் தள்ளும் வண்டியில் அடுக்கினார். “நீங்களும் வாங்க. அழிச்சது யாருன்னு கேட்டா சொல்ல ஆள் வேணாமா?” என்றார். குழுவின் முன்னால் போய், ஜி. வசந்தியும் ஆர். வசந்தியும் ஒருவர்தான், தவறு என்னுடையது என்று சொன்னேன். வசந்திக்குப் பதவி கிடைத்தது.

மறுநாள் படிவத்தில் மேடம் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார், தன் கையாலேயே: ‘முன்பு எழுதிய பெயர்’. அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் நூலகத்துக்கு வந்து, “என் பழைய கட்டுரையும் சேருமா மேடம்?” என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் பக்கம் போட்டவர் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. நூலகவியலில் அவரும் நான்கு கட்டுரைகள் எழுதியவர்தான். கேட்டால், “வேல ஜாஸ்தி கெடக்கு சார், அப்பறம் பாக்கலாம்” என்பார். போன வருடம் உடம்பு முடியாமல் விருப்ப ஓய்வில் போனார். அந்த ‘அப்பறம்’ வரவே இல்லை.

புதன்கிழமை அண்ணாகிராமம் போனேன். முந்திரிக்கொட்டை காயப்போடும் வாசலில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். “நேத்தே வருவீங்கன்னு நெனச்சேன்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்ததும் மேடத்துக்கு ஒரு பக்கம் திறந்தேன். பெயர்: வி. கலாவதி. முன்பு எழுதிய பெயர்: டி. கலாவதி. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கட்டம்தான். இத்தனை வருடம் ஊராரை எல்லாம் அதில் நிரப்பச் சொன்னேன். மேடத்திடமும் ஒருநாள் கேட்டு நிரப்பியிருந்தால் செவ்வாய்க்கிழமை காலை அண்ணாகிராமம் பஸ்ஸில் ஏறியிருப்பேன்.